பக்கக் காற்றும் பின் இருக்கையும்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில். எந்தப் பேய் காலையில் வரும் என்று தேக்கா கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டே சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவர்கள் அந்த விமானத்தில் இல்லை.

1961. நான் துறைமுகத்தில் கிளார்க். ஓய்வு நாளில் ஒரு பறக்கும் கிளப்பில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். முன்னால் நான், பின்னால் சொல்லிக்கொடுக்கும் ஜோன் சார். இருவருக்கும் தனித்தனி ஸ்டிக், தனித்தனி கால்மிதி. ஒருவர் அசைத்தால் மற்றவருடையதும் அசையும்.

எல்லாம் வந்தது. ரன்வேக்குக் குறுக்கே அடிக்கும் பக்கக் காற்றில் இறக்குவது மட்டும் வரவில்லை. விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டில் வர வேண்டும். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் காலால் மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். முந்தினால் காற்று ரன்வேயை விட்டுத் தள்ளிவிடும். பிந்தினால் சக்கரம் முறிந்து கவிழும். அந்த நேரம் பார்த்து என் கால் மரத்துப் போகும்.

"விடு," என்பார் ஜோன் சார் இயர்போனில். உடனே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். நான் விட்டுவிட்டது பின்னால் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அவர் வைத்திருந்த வழக்கம் அது. பிறகு அவர் இறக்குவார்.

அன்று காற்றே இல்லை. "தனியா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடு லா," என்றார். மெக்கானிக் அப்துல் காதர் பின் இருக்கையின் வார்களைச் சுருட்டிக் கட்டினார். ஆளில்லாத வார் அவிழ்ந்து ஸ்டிக்கில் சிக்கினால் கதை முடிந்தது. அவர் கட்டியதை நானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மேலே போனதும் மேற்கே வானம் கறுத்தது. திடீரென்று மழையோடு வீசும் சுமத்ரா காற்று. காற்றின் திசை காட்டும் துணிப்பை ரன்வேக்குக் குறுக்கே விறைத்து நின்றது.

முதல் முறை இறக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. புல்வெளிப் பக்கம் தள்ளியது. மறுபடி மேலே ஏற்றினேன். மழை நெருங்கிவிட்டது. ரன்வே மறைவதற்குள் இன்னும் ஒரே ஒரு முறைதான் இறங்க முடியும். குவீன்ஸ்டவுன் வீட்டில் என் மனைவி பிலோமினா முழுகாமல் இருந்தாள். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பயம்கூட வரவில்லை. உடம்பு மொத்தமும் மரத்துப் போயிருந்தது.

இரண்டாம் முறை. தரை நெருங்கியது...

டக்.

பின்னால் கொக்கி மாட்டும் சத்தம்.

இயர்போனில் லேசாக ஒரு இருமல்...

"விடுங்க தம்பி."

பழக்கதோஷம். இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

என் காலுக்குக் கீழே கால்மிதி அழுந்தியது. நான் மிதிக்கவில்லை.

மூக்கு நேரானது. ஒரு சக்கரம்... அடுத்த சக்கரம்...

அப்போதுதான் உறைத்தது. ஜோன் சார் கீழே நிற்கிறார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

விமானம் தானாக வேகம் குறைந்து நின்றது. ஜோன் சார் ஓடி வந்தார். "நல்லாத்தானே இறக்குன. எதுக்குக் கையத் தூக்கிட்டு உக்காந்திருக்க?"

கையை இறக்க வரவில்லை. அவர்தான் பிடித்து இறக்கினார்.

அப்துல் காதர் பின் இருக்கையை எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் கட்டிய வார் அவிழ்ந்திருந்தது. கொக்கி மாட்டி, ஒரு ஒல்லியான ஆளின் இடுப்பளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"தம்பின்னு கூப்பிட்டாரா?" என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன்.

"நம்ம ரவூப். தஞ்சோங் பகார்க்காரரு. ரெண்டு வருஷம் முந்தி இதே ரன்வேலதான் போனாரு."

எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. யாரோ கைதேர்ந்த விமானி என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்.

"நல்லா இறக்குவாரா?" என்றேன்.

"அவரா? உங்கள மாதிரி பழகிட்டிருந்தவரு. பக்கக் காத்துல ஒரு தடவகூட இறக்குனதில்ல. அப்படி இறக்கப் போயித்தான் செத்தாரு."

வாரை அவிழ்க்கப் போன அவர் கை பாதியில் நின்றது.

"இன்னைக்குத்தான் மொத தடவ இறக்கியிருக்காரு."