நான் தொங்கிப் பார்த்த மூங்கில்

நாடக மேடையை நிர்வகிக்க எங்கே படிக்கலாம் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் நான் சொன்னால்தான் திரை ஏறும். நான் படித்த இடம் வேறு.

எழுபதுகளில் பீடோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் நாடகம். நான் கட்டிய மூங்கில் சாரம் சரிந்து, திரை மாட்ட ஏறிய என் மச்சான் மணியம் செத்துப்போனான். அடுத்த நாடகத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டேன்.

"நீங்க கட்டுனதுல இனிமே யாருண்ணே ஏறுவா? வேணாம்லா," என்றார்கள்.

அப்போது ஈப்போவில், இறந்தவர்களுக்காகச் சீனர்கள் நடத்தும் பேய் மாதக் கூத்து. அவர்கள் மேடை கட்டும் விதத்தைப் பார்க்கப் போனவன், காலியாக இருந்த முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். மேடைப் பொறுப்பாளர் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எழுந்திரு! அது செத்தவங்க இடம்," என்று மலாயில் அதட்டினார்.

"என் மச்சானும் செத்துட்டான். நான் கட்டுன மேடையில."

அவர் முகம் மாறியது. மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய், மூங்கிலைக் கட்டிக் காட்டினார். பிறகு அவிழ்த்துவிட்டு என்னைக் கட்டச் சொன்னார். கட்டி முடித்து, ஏறிப் பார்க்க ஆள் தேடினேன்.

"முதல்ல நீ தொங்கு," என்றார்.

தொங்கினேன். முடிச்சு அசையவில்லை.

அதன்பிறகு எத்தனையோ மேடைகள் கட்டிவிட்டேன். நான் தொங்கிப் பார்க்காத மூங்கிலில் ஏறிய கடைசி ஆள் மணியம்தான்.