குப்புறப் படுத்தும் போகாத நிழல்

நாலு வருஷமா இதை எழுதப் பேனா எடுப்பேன், மூடி வெச்சிடுவேன். வாராவாரம் இந்தப் பக்கத்துல கோயில், குடும்பம்னு உங்களோட பேசுறவன், என் நெஞ்சுல இருக்கிற நோயை மட்டும் மறைச்சேன். மகளுக்கு வரன் பார்த்த நேரம்... ஊர் என்ன பேசும்?

போன வாரம் செல்வராசு வந்தான். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில என்னோட மூட்டை பிடிச்சவன். இன்னும் அங்கேதான் இருக்கான். ரெண்டு படி ஏற மூச்சு வாங்குது. கையில வெல்லக்கட்டி.

"எக்ஸ்ரே சுத்தமா இருக்காம்ணே. வெல்லம் தின்னா தூசி இறங்கிடும்."

நானும் ஷிப்ட் முடிஞ்சா ஒரு கட்டி தின்னவன்தான். வெல்லம் போறது வயித்துக்கு, தூசி போறது நுரையீரலுக்கு — எங்க ஒருத்தருக்கும் உறைக்கலையே!

நாலு வருஷம் முன்னாடி என் எக்ஸ்ரேவும் சுத்தம்தான். ஆனா இருமல் நிக்கல. வீட்டுக்காரிதான் விடல. "சாமியையும் கும்பிடுங்க, டாக்டரையும் பாருங்க. ஒண்ணு மட்டும் போதும்னு ஆத்தா சொன்னாளா?" திருச்சிக்கு இழுத்துட்டுப் போனா.

சி.டி. ஸ்கேன். சிப்ஸுக்கு வாழைக்காய் சீவுற மாதிரி, நுரையீரலை மெல்லிசு மெல்லிசாப் படம் பிடிச்சாங்க. ரெண்டு பக்கமும் அடியில நிழல்.

"மல்லாந்து படுத்தா அந்த இடம் அமுங்கியும் இப்படித் தெரியலாம்" என்றார் டாக்டர். "குப்புறப் படுங்க. அமுக்கம்னா போயிடும். நோய்னா நிக்கும்."

ஆத்தா சன்னதியைத் தவிர எங்கேயும் குப்புற விழாதவன், அந்த மெஷினுக்குள்ள விழுந்தேன். "மூச்சை இழுத்துப் புடிங்க." ஆத்தா பேரைச் சொல்லிப் புடிச்சேன்.

நிழல் நின்னுச்சு.

"என்ன வேலை பார்த்தீங்க? எத்தனை வருஷம்?" எல்லாம் கேட்டுட்டுச் சொன்னார்: "தூசிதான். நுரையீரல் தழும்பாயிட்டு வருது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

வேலையை விட்டேன். மேஸ்திரி வீடு தேடி வந்தார். "நோய் பீடியால வந்ததுன்னே இருக்கட்டுமேப்பா. மத்தவங்க பயந்துடுவாங்க." நான் பீடியைத் தொட்டதில்லைன்னு அவருக்கே தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் இப்போ செல்வராசு கையில வெல்லமா வந்து நிக்குது!

"நாளைக்குத் திருச்சி போறோம்டா. ஸ்கேன் எடுக்கிறோம்."

"தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கண்ணே..."

"மூட்டை தூக்க மூச்சு வேணாமாடா?"

போயிட்டு வந்தோம். அவனுக்கு இப்போதான் ஆரம்பமாம். ஆத்தா புண்ணியம்.

மேஸ்திரி இதைப் படிப்பார். படிக்கட்டும். மூச்சு இருக்கிற வரைக்கும் சொல்லுவேன்.

நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்க. கூட்டாம குறைக்காம, நான் சொன்னபடியே சொல்லுங்க — முக்கியமா, நடுவுல பீடியைச் சேர்த்துடாதீங்க.