எங்கள் சத்தம் விழுந்த கேசட்

என் கூட்டாளிக்குப் போன வருசம் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் தங்கியது. குரல் போய்விட்டது.

அவன் வீடு செங்கல்பட்டில். நான் மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கழுத்தில் ஓட்டை. அதன் மேல் வெள்ளைத் துணி கட்டியிருப்பான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேத்தியின் சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டுவான். எழுதுவது அவனுக்குச் சிரமம். படிப்பது எனக்குச் சிரமம். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம்.

பொங்கல் கழிந்து போனபோது நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினான். முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறான்.

"டேப்ப எடுத்துனு வா."

எந்த டேப் என்று நான் கேட்கவில்லை. அவன் சம்சாரம் டீயோடு வந்து விளக்கம் சொன்னாள்.

"அதுல இவரு கொரலு கீதாமே ண்ணா. போன்ல கீறதெல்லாம் கடைசி ரெண்டு வருசத்து கொரலு. கரகரன்னு இருக்கும். அது என் கொரலே இல்லன்னு எழுதிக்காட்றாரு. கல்யாண வீடியோவ போட்டுப் பாத்தோம். அதுல பூரா சினிமா பாட்டுதான். ஒருத்தர் பேசறதும் கேக்கல. கொழந்த ஒருவாட்டியாச்சும் நல்ல கொரல கேக்கணுமாம்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்தாறேன்" என்றேன்.

அப்போது எங்களுக்கு இருபது வயசு இருக்கும். மாமல்லபுரத்தில் கடலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வேலை. நான் சமையல்கட்டில். அவன் ரூம் பார்ப்பான். வெள்ளைக்காரர்கள் மாசக்கணக்கில் தங்குவார்கள். எவன் பையைத் திறந்தாலும் அந்தக் கேசட் இருக்கும். அட்டையில் மஞ்சள் வெளிச்சத்தில் ஒருவன் கிதாரோடு நிற்பான். மேடையில் பாடும்போதே பதிந்தது. பாட்டுக்கு முன்னால் ஜனம் கத்தும். பாட்டு முடிந்தால் அதைவிடக் கத்தும். பாட்டில் ஒரு வார்த்தை எங்களுக்குப் புரியாது. அந்தச் சத்தம் புரிந்தது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சந்தோசமாக இருப்பதை நாங்கள் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கூட்டம் கூடினால் பாதிப் பேர் சண்டைதான் போடுவார்கள்.

தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருவன் வயிறு கெட்டுப் படுத்துவிட்டான். ஒரு வாரம் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகிற அன்று, என்ன வேண்டும் என்று கேட்டான். அந்தக் கேசட்டைக் காட்டினேன். கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் காப்பி எடுத்துக்கொள் என்று சைகை காட்டினான். சாயங்காலம் பஸ். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஒயர் கிடையாது. தாடிக்காரனுடைய டேப்ரிக்கார்டரையும் முதலாளியுடையதையும் மொட்டை மாடியில் எதிரெதிரே வைத்தோம். ஒன்று பாட, இன்னொன்று கேட்டுப் பதிந்துகொள்ளும். நான் தொண்ணூறு நிமிசக் காலிக் கேசட் வாங்கி வந்திருந்தேன். நல்ல வெயில். மேலே ஒரு கம்பளியைப் போர்த்தி மூடினேன். மூச்சுக்கூட விடாதே என்று கூட்டாளியிடம் சொன்னேன்.

முதல் பாட்டுக்கு முன்னால் பாட்டுக்காரன் ஏதோ கேட்கிறான். ஜனம் கத்துகிறது. இவனால் இருக்க முடியவில்லை. கம்பளிக்குள் தலையை விட்டான்.

"நல்லாகீறோம் அண்ணாத்த. நீ எப்டிகீற?"

நான் காலால் உதைத்தேன். சிரித்தான். அடுத்த பாட்டுக்குக் கைதட்டினான். அதற்கு அடுத்ததற்கு, "இன்னொரு தபா பாடு நைனா" என்றான். திட்டித் திட்டி எனக்கே வாய் வலித்தது. கடைசியில் மாடியின் கோடிக்கு விரட்டினேன். இரண்டாம் பக்கம் திருப்பியபோது கீழேயே அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் சுத்தமாக வந்தது. முதல் பக்கத்தில் அவன், நான், காக்கா, பஸ் ஹாரன் எல்லாம் விழுந்துவிட்டது.

கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். நேர்மாறாகப் போனது. டீக்கடையில் போட்டோம். கடைக்காரர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"தமிழ்ல பேசறானே எவனோ. இது மெட்ராஸ்லயா நடந்துச்சு?"

"ஆமா. பீச்சாண்ட" என்றான் என் கூட்டாளி.

"நீ போயிருந்தியா?"

"கேக்குதே நைனா, அது ஆரு கொரலு? முன்னாடி வரிசை."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அதிலிருந்து அந்த வெள்ளைக்காரப் பாட்டுக்காரன் மெட்ராஸ் வந்து பாடினான் என்று எங்கள் தெருவில் நாலைந்து பேர் நம்பினார்கள். ஒருவர் தானும் போனதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. என் கூட்டாளி ஸ்குரூ டிரைவரால் இரண்டையும் உடைத்தான். "இனிமே இதுல எவனும் கை வெக்க முடியாது மச்சான்" என்றான்.

பிறகு அவன் வேன் ஓட்டச் செங்கல்பட்டு போய்விட்டான். கல்யாணம் ஆனது. கேசட் என்னிடமே நின்றது. நான் ஒரு ஓட்டலில் சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே டேப்ரிக்கார்டர் இருந்தது. மீன் வறுக்கும்போது அந்தக் கேசட்டைத்தான் போடுவேன். பதினைந்து வருசம் இருக்கும். முதலாளி ஒன்றும் சொன்னதில்லை. வருகிற வெள்ளைக்காரர்களும் தலையை ஆட்டுவார்கள்.

அப்புறம் வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சின்ன வயசு. ஒருநாள் மத்தியானம் ஒரு மேசையில் நாலு பேர். பாட்டு ஓடுகிறது. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான். மேசையே சிரித்தது. பரிமாறுகிற ஆள் உள்ளே வந்தார்.

"இன்னா சிரிப்பு?" என்றேன்.

"இது அவங்க அப்பாரு கேட்ட பாட்டாம். அவங்க ஊர்ல எல்லா வூட்லயும் இருந்துச்சாம். இப்ப குப்பைல போட்டாக்கூட ஆரும் பொறுக்க மாட்டாங்களாம். நிறுத்தச் சொல்றாங்க."

நிறுத்தினேன். மீனைத் திருப்பினேன்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் உள்ளே என்னவோ ஆகிவிட்டது. அவர்கள் வீட்டுக் குப்பையை நாங்கள் பெரிசாக நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம் என்று தோன்றியது. மறுநாள் அந்தக் கேசட்டை எடுக்கக் கை வரவில்லை. பிறகு எடுத்துப் போட்டபோது அந்தக் கூட்டத்தின் சத்தம் என்னைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி இருந்தது.

அந்த மாசமே வீட்டில் சினிமாப் பாட்டு வேண்டும் என்றார்கள். பாட்டு எழுதிய சீட்டோடு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். இந்தக் கேசட்டையும் கொண்டுபோனேன். கடைக்காரர் முதுகைப் பார்த்தார்.

"பல்லு உடைச்சிகீதே. வேணும்னு வெச்சிருந்ததா?"

"இல்ல. போடு."

அவர் துண்டுக் காகிதத்தைப் பசை தடவி இரண்டு ஓட்டையின் மேலும் ஒட்டினார். அவ்வளவுதான் வேலை, மறுபடி பதியலாம். பக்கத்துக்கு ஆறு பாட்டு. என் கூட்டாளி வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். போகவில்லை.

அவனிடம் சொல்லவும் இல்லை. எப்போதாவது கேட்பான். "டேப்பு கீதாடா?" "கீது" என்பேன். கேசட் இருக்கத்தானே செய்தது.

அவனுக்கு அந்தப் பாட்டு சலிக்கவில்லை. மகன் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதும் அப்பாவுக்குப் போனில் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்தான். வேனில் அதையேதான் கேட்பான். பிறகு மகனே ஒருநாள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். அந்தக் கைதட்டலில் பாதி பிற்பாடு சேர்த்ததாம். தப்பாகப் பாடிய இடத்தையெல்லாம் ஸ்டுடியோவில் மறுபடி பாடி ஒட்டினார்களாம். அதற்கப்புறம் ஒரு மாசம் அவன் வேனில் பாட்டே போடவில்லை. மகன் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டான். சொல்லாமலே இருந்திருக்கலாம் மாமா என்றான்.

பிறகு அவனே போன் பண்ணினான்.

"மச்சான், அவனுங்க கூட்டம் டூப்பு. நம்ம கூட்டம்தான் ஒரிஜினல்."

"நாம ரெண்டு பேர்தான்டா."

"ரெண்டு பேர்னாலும் கூட்டந்தான். டேப்ப பத்திரமா வெச்சுக்க."

"இன்னாடா கொரலு ஒரு மாதிரி கீது?"

"பனி. தொண்ட கட்டிக்கிச்சு."

பனி இல்லை.

இப்போது ஓட்டலுக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் அந்த அட்டைப் படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மறுபடியும் பிடித்துவிட்டதாம். நான் சமையல்கட்டிலிருந்து பார்ப்பேன். ஒன்றும் தோன்றாது.

பொங்கல் கழிந்து அவன் கேட்ட கேசட்டைப் பரணில் தேடி எடுத்தேன். உப்புக்காற்றில் பெட்டி வெளுத்திருந்தது. ஓட்டலின் பழைய டேப்ரிக்கார்டருக்கு ரப்பர் பெல்ட் மாற்றினேன். முன்னாலேயே போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. இரண்டையும் கட்டைப்பையில் வைத்துச் செங்கல்பட்டு போனேன். காலை பதினோரு மணி இருக்கும். அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சட்டை மாற்றியிருந்தான்.

உள்ளே போனதும் சொன்னேன்.

"இதுமேல சினிமா பாட்டு பதிஞ்சிட்டேன். இருவது வருசத்துக்கு மேல ஆவுது. உன் கொரலு இருக்காது."

அவன் சம்சாரம் என்னைப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவன் சிலேட்டை எடுத்தான். எழுத நேரம் பிடித்தது.

"எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது?

உள்ளங்கையால் அழித்தான். மறுபடி எழுதினான்.

"போடு."

போட்டேன். சினிமாப் பாட்டு வந்தது. ஒன்று முடிந்து இன்னொன்று. நிறுத்தி முன்னால் ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஆறு பாட்டையும் கேட்டோம். கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. குழந்தை தூங்கிவிட்டது.

ஆறாவது முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, மேலே பதியாமல் விட்ட மிச்ச நாடாவில், அந்தக் கூட்டம்.

மங்கலாகத்தான் கேட்டது. கம்பளிக்குள்ளிருந்து. ஒரு பாட்டு ஓடியது. காக்கா கத்தியது. அவன் முன்னால் குனிந்து டேப்ரிக்கார்டருக்குப் பக்கத்தில் காதை வைத்தான். பாட்டு முடியும் நேரத்தில் ஒரு குரல் வந்தது. என்னுடையது.

"இப்பவாச்சும் சும்மா கெடடா. அந்தாண்ட போ."

அவன் போய்விட்டான். அதற்கப்புறம் டேப்பில் அவன் பேசவே இல்லை. நான்தான் விரட்டிவிட்டேனே.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டும் முடிந்தது. ஜனம் கத்தியது. அதற்குள் தூரத்திலிருந்து, மாடியின் கோடியிலிருந்து, ஒரு விசில். நீளமாக. ஒன்றே ஒன்று. பிறகு நாடா தீர்ந்து பட்டன் எழும்பியது.

அவன் கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நான் என்று.

இப்போது அவனுக்கு விசில் அடிக்க முடியாது. காற்று கழுத்து வழியாகப் போய்விடுகிறது.

சம்சாரம் குழந்தையை எழுப்பினாள். கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டேன். குழந்தை விசிலைக் கேட்டு என்னைப் பார்த்தது. நான் இல்லை என்று அவனைக் காட்டினேன். அது அவன் வாயைப் போய்ப் பார்த்தது.

மூன்று தடவை போட்டோம். பிறகு அவன் கேசட்டை வெளியே எடுத்தான். திருப்பி முதுகைப் பார்த்தான். ஒட்டியிருந்த காகிதம் பழுப்பாகி இறுகிப் போயிருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். சுலபமாக வரவில்லை. எச்சில் தொட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி முழுசாக எடுத்தான். ஓட்டையை ஊதிச் சுத்தம் செய்ய வாயருகே கொண்டுபோனான். ஊத வரவில்லை. என்னிடம் நீட்டினான்.

நான் ஊதிக் கொடுத்தேன்.