பெட்டியாகிப் போன பெயர்

மில்லர்புரம் ஜெஸ்லினுக்குச் சீன எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றில் சீன, ஜப்பானிய, கொரிய ஃபான்ட்களை நான்கு வருடமாகச் சம்பளமில்லாமல் புதுப்பித்துவருபவள் அவள்தான். வழக்கமான ஃபான்ட்டில் ஓர் எழுத்து இல்லையென்றால் கணினி அவற்றில்தான் தேடும். அங்கும் இல்லையென்றால் திரையில் வெறும் பெட்டி விழும்.

நான்கு வருடத்துக்கு முன்பு, அவள் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சிக்கு ஒருநாள் சீன மாலுமி ஒருவருக்குப் பார்சல் வந்தது. அதே லினக்ஸ் ஓடும் ஆபீஸ் கணினியில் லேபிள் அடிக்கும்போது அவர் பெயரின் நடுவே அப்படியொரு பெட்டி விழுந்தது. அதைக் குப்பையென்று நினைத்து அழித்துவிட்டு லேபிளை ஒட்டியது அவளேதான். 'இந்தப் பெயரில் இங்கே யாருமில்லை' என்று கப்பலிலிருந்து பார்சல் திரும்பி வந்தது. உள்ளே இருந்தது அவருடைய இருதய மாத்திரை. விஷயம் தெரிவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

கவனிப்பாரில்லாமல் கிடந்த அந்த ஃபான்ட் தொகுப்பை அந்த வாரமே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"ஏளா, வாசிக்கவே தெரியாத எழுத்துக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார் மேனேஜர் வெள்ளத்துரை.

"பெட்டி தெரியுதுல்லா அண்ணாச்சி, அது போதும்."

இந்த வருடம் லினக்ஸ் குழுவில் ஒருவர், தொகுப்பு பெருத்துவிட்டது, அபூர்வ எழுத்துகளை எடுத்துவிடலாம், அவற்றை யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். ஜெஸ்லினுக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே பதில் தட்டினாள்:

"எடுத்துவிடலாம். முதலில் உங்கள் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு இதே யோசனையை அனுப்புங்கள். அன்றைக்கே நீக்கிவிடுகிறேன்."

யாரும் அனுப்பவில்லை. அடுத்த வெளியீட்டில் தொகுப்பு இன்னும் பெருத்தது.