ஒரு வாரச் சாப்பாடும் ஏழு நாள் நடையும்

உடம்பைக் குறைக்க வைக்கிற தொழிலில் இருப்பவனுக்கு ஊர் முழுக்க எதிரிகள் உண்டு. எனக்கோ மாடிப்படிக்குக் கீழேயே ஒருவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் உடற்பயிற்சி நிலையம் நடத்தினேன். நாலு ஜோடி டம்பெல்ஸ், எவ்வளவு மிதித்தாலும் எங்கேயும் போகாத சைக்கிள் ஒன்று, ஓர் எடை மெஷின், சுவரில் வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கலோரி அட்டவணை. இவ்வளவுதான் சொத்து. எல்லோரும் என்னை மாஸ்டர் என்றார்கள். திங்கட்கிழமையிலிருந்து கட்டாயம் ஆரம்பித்துவிடுவது என்று ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவெடுக்கிற ரகமா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நானும் சொந்தக்காரர்கள். தைரியமாக மேலே படியுங்கள்.

கீழ்க்கடை

முனுசாமி அண்ணனுடையது பஜ்ஜிக்கடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்கு எண்ணெய் காயும். அதே ஐந்து மணிக்குத்தான் என் வகுப்பு. "மூச்சை நல்லா உள்ளே இழுங்க" என்று நான் கத்துவேன். இழுப்பவர்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி வாசனைதான் வரும். வகுப்பு முடிந்து படி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழே போனேன். அண்ணே, அடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாதா, நான் ஒரு மணி நேரம் கரைக்கிறதை நீங்கள் ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிடுகிறீர்களே என்று கெஞ்சினேன். அவர் கரண்டியால் எண்ணெயை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னா மாஸ்டர் நீ, என் கடை இல்லாங்காட்டி உன் கடைக்கு எவன் வருவான்?"

தண்டவாளம்

சாமுவேல் சார் தாம்பரத்துக்கும் சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் இடையே எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டும் மோட்டார்மேன். முதல் நாள் படியேறி வந்தவருக்கு ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கியது. பின்னாலேயே அவர் மனைவி எஸ்தர் டீச்சர், கையில் கோடு போட்ட நோட்டுடன். டீச்சர் ஒல்லியான ஆள். சார் தொண்ணூற்றாறு கிலோ. ஆபீஸ் மெடிக்கலில் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடி பரிசோதனை, அதற்குள் பத்துக் கிலோ குறைந்து பிரஷரும் இறங்கியிருந்தால் வண்டி, இல்லாவிட்டால் மேஜை. கையில் இருந்தது மூன்று மாதம்.

சமாதானமாக இருக்கட்டுமே என்று, மேஜை வேலை என்றால் வெயில் கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு, நல்லதுதானே சார் என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "இருபது வருஷமா முன்னால உக்காந்து தண்டவாளத்தைப் பாத்தவன் மாஸ்டர். என்னைக் கொண்டுபோய் செவுத்தப் பாத்து உக்காரவெச்சா செத்துடுவேன்."

சனிக்கிழமைப் பட்டினி

அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார் கோமதி அக்கா. சேர்ந்த அன்றே பெருமையாக ஒரு விஷயம் சொன்னார்: வாராவாரம் சனிக்கிழமை பட்டினி. ஆகா, வேலை பாதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரமாகியும் எடை அசையவில்லை. சந்தேகம் வந்து, சாப்பிட்டதையெல்லாம் எழுதிவைக்கச் சொல்லியிருந்த நோட்டை வாங்கிச் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். காலையில் இட்லி ஆறு. பதினோரு மணிக்குப் பாலும் இரண்டு வாழைப்பழமும். மத்தியானம் நெய் விட்ட ரவா உப்புமா. நாலு மணிக்கு அடை, வெல்லம். ராத்திரி பூரி, கிழங்கு.

இதற்குப் பெயர் பட்டினியா அக்கா என்றேன். நெஞ்சில் கைவைத்து, கண் கலங்காத குறையாகச் சொன்னார்: "சத்தியமா மாஸ்டர், ஒரு பருக்கை சோறு தொட்டிருந்தா கேளுங்க!"

ஒரே வீடு

அப்போது நான் வைத்திருந்த சட்டம் இது: இன்றைக்குத் தின்றதை இன்றைக்கே நடந்து தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் நாளைக்கே வயிற்றைக் காயப்போட வேண்டும். கோமதி அக்கா இந்தச் சட்டத்தை வரி பிசகாமல் பின்பற்றினார். கேசரி ஒரு கிண்ணம் என்றால் எதிரே முக்கால் மணி நடை. வடை இரண்டு என்றால் ஒரு மணி. நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெஷினைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்.

ஒருநாள் அவர் கணவர் வந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பார்க்கவே பாவமாக இருந்தது. மாஸ்டர், தயவுபண்ணி நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொடுங்கள், முட்டி விட்டுப்போகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பிட்டதெல்லாம் அக்கா, நடந்ததெல்லாம் அவர்! அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டால் முகத்தில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. "ஒரே ரேஷன் கார்டுதானே மாஸ்டர்? யார் சாப்பிட்டா என்ன, யார் நடந்தா என்ன?"

பிளாட்பாரத்து மெஷின்

ஸ்டேஷன்களில் அப்போதெல்லாம் எடை மெஷின் இருக்கும். கலர் கலராக விளக்கு மினுக்கும், சக்கரம் சுற்றும், காசு போட்டால் ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் நம் குணநலன். சாமுவேல் சார் முதல் மாதத்தில் என் மெஷின் கணக்கில் மூன்று கிலோ இறங்கியிருந்தார். அவருக்கு அது போதவில்லை. டூட்டி முடிந்து கிடைக்கிற நேரத்தில் ஒவ்வொரு ஸ்டேஷன் மெஷினாக ஏறிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை சொல்லியிருக்கிறது.

ஒரு சாயங்காலம் அட்டை ஒன்றை என் மேஜையில் அறைந்து வைத்தார். எண்பத்தேழு. என் மெஷினில் ஏற்றினேன், தொண்ணூற்று மூன்று. "உங்க மெஷினை மாத்துங்க மாஸ்டர்" என்று என்னையே மிரட்டினார். எந்த ஸ்டேஷன் சார் அந்தப் புண்ணியவான் என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் கேக்காதீங்க. வெளிய தெரிஞ்சா தாம்பரமே அங்க போய் வரிசைல நிக்கும்."

கேளம்பாக்கத்துக் கல்யாணம்

இது சிரிக்கிற விஷயமில்லை. கேளம்பாக்கத்தில் சாமுவேல் சாரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மட்டன் பிரியாணி, மறுபடியும் பிரியாணி, மேலே பிரெட் அல்வா. தாய்மாமன் வேண்டாமென்று எழுந்துவிட முடியுமா? ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் சட்டம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த இரண்டு நாளும் மோர் மட்டும் குடித்து, காலையும் மாலையும் நடந்து தள்ளியிருக்கிறார். மூன்றாம் நாள் காலை டூட்டிக்குப் போய்க் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியிருக்கிறது, கண் இருட்டியிருக்கிறது. உடனே அவரே, எனக்கு முடியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன். முதுகுக்குப் பின்னால் எத்தனை உயிர் என்று தெரிந்தவர்.

டீச்சர் வந்து விஷயத்தைச் சொன்னார். தப்பு அவருடையதில்லை, என் சட்டத்தினுடையது. அன்றே அவர் வீட்டுக்குப் போய் அதை வாய்விட்டுச் சொன்னேன். டீச்சரின் ஸ்கேலை வாங்கி, நோட்டில் ஏழு கட்டம் போட்டேன். இனிமேல் நாள் கணக்கு கிடையாது, வாரக் கணக்கு. ஒருநாள் கூடிப்போனால் மிச்ச நாட்களில் இங்கே ஒரு இட்லி, அங்கே ஒரு கரண்டி சோறு என்று பிரித்துக் குறைக்க வேண்டும். விடியற்காலை டூட்டி இருக்கும் நாளில் உடற்பயிற்சியே வேண்டாம். ரெஸ்ட் நாளில் கூடுதலாக நடந்துகொள்ளலாம். எந்த நாளிலும் பட்டினி கூடாது.

சார் அந்தக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். பல்லாவரத்துல அஞ்சு நிமிஷம் லேட்டானா மீனம்பாக்கத்துக்குள்ள அதைப் பிடிச்சிடணும்னு பறக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா பீச்சுக்குள்ள பிடிச்சா போதும்."

கேரல் ரவுண்ட்ஸ்

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது டிசம்பர் வந்தது. சார் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கனத்த கீழ்க்குரல்; டீச்சரும் பாடுவார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு சாயங்காலம் வேனில் ஏறி வீடு வீடாகப் போய்ப் பாட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கேக், முறுக்கு, டீ. ஒரு வீட்டில் தொட்டுவிட்டு அடுத்த வீட்டில் தொடாவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. உட்கார்ந்து திட்டம் போட்டோம். அந்த வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது, ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பண்டம், வேன் கிடையாது, வீட்டுக்கு வீடு நடை.

அவர் நடந்து வந்து சேரும்வரை, வேனில் முன்னால் போனவர்களால் பேஸ் குரல் இல்லாமல் பாட முடியவில்லை. முதல் நாள் காத்திருந்து பார்த்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து மொத்தக் குழுவும் இறங்கி அவரோடு நடந்தது. சேலையூரிலிருந்து கேம்ப் ரோடு வரை இருபது பேர் பாடிக்கொண்டே நடக்க, ஆர்மோனியத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வேன் பின்னால் ஊர்ந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட தம்பிக்குத்தான் பெரும்பாடு. சிவப்புக் கோட்டு, பஞ்சுத் தாடி, வயிற்றில் கட்டிய தலையணை. நாலாவது தெருவில் தாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டானாம்: "சாமுவேல் அண்ணே, மெடிக்கல் உங்களுக்கா, எனக்கா?"

மெடிக்கல்

முந்தின நாள் என் மெஷினில் எண்பத்தைந்தரை. பத்தரைக் கிலோ போயிருந்தது. ஆனாலும் பிரஷர் என்ன சொல்லுமோ என்று எனக்கே பிரஷர் ஏறியது. பரிசோதனை அன்றைக்கு வகுப்பில் எண்ணிக்கொண்டே இருந்தேன், நிறுத்த மறந்துவிட்டேன். ஐம்பதுக்கு மேல் உட்கார்ந்து எழுந்த கோமதி அக்கா, "மாஸ்டர், உயிரோட இருக்கோமான்னு ஒருதரம் பாருங்க" என்று அலறிய பிறகுதான் சுயநினைவு வந்தது.

அந்த நேரம் பார்த்து சாமுவேல் சார் உள்ளே வந்தார். ஒரு தாளை நீட்டினார். பாஸ்! வண்டி அவருக்குத்தான். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முதல்முறையாக என் இரண்டு கையும் அவர் முதுகுக்குப் பின்னால் சேர்ந்தன. கூடமே கைதட்டியது. பின்னால் நின்ற எஸ்தர் டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீங்களும் ஏறுங்கள் டீச்சர் என்று கோமதி அக்கா விளையாட்டாக அவரை மெஷினில் தள்ளிவிட்டார்.

முப்பத்தொன்பது. மூன்று மாதத்துக்கு முன்னால் எவ்வளவு டீச்சர் என்று கேட்டேன். நாற்பத்தைந்து என்றார். அப்போதுதான் கவனித்தேன், ஜாக்கெட்டின் இரண்டு கையிலும் ஊக்கு குத்தியிருந்தது. "அவர் தட்டுல ரெண்டு இட்லிய வெச்சிட்டு, எதிர்ல உக்காந்து நான் நாலு சாப்பிட முடியுமா மாஸ்டர்? அவருக்கு என்னவோ அதேதான் எனக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். சார் மெஷின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியலையே எஸ்தர்" என்றார். எனக்கும்தான் தெரியவில்லை. வாராவாரம் என் எதிரே உட்கார்ந்து சாரின் நோட்டைப் படித்துக்காட்டியவர் டீச்சர். ஒரு தடவைகூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை நான். டீச்சர்தான் நிலைமையைச் சரிசெய்தார். மெஷினைவிட்டு இறங்கி, நோட்டை என் முன்னால் விரித்து, புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். "அவருக்கு இறக்கறதுக்கு ஒரு சார்ட் போட்டீங்க இல்ல? எனக்கு ஏத்தறதுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க மாஸ்டர், இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன்."

எத்தனையோ பேருக்குச் சார்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதை ஒருநாள்கூட மீறாமல் கடைப்பிடித்த ஒரே ஆள், நான் எழுதிக் கொடுக்காத ஆள்தான்.