மேட்டிலேயே வேகம் குறைப்பவர்

“சோம்பேறியா? சுகுமாரனையா சொல்றே? வாயைக் கழுவு லா!” பொட்டலத்தில் நெத்திலி சம்பலை வைத்தபடியே நவமணி சீறினாள். மலையடிவாரத்துக் கடையில் நாசி லெமாக் சோறு வாங்க வந்த சுரேன் விடவில்லை. “பின்னே என்னக்கா? இருந்த வேலையை விட்டுட்டு வீட்டுல கிடக்காரு. லோரி ஓட்டுறப்பவும் ஆமைதானே!”

ஆமைதான், யார் இல்லை என்றது? சிம்பாங் பூலாய் மலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றி இறங்கும் லோரிகளில் அவருடையது மட்டும் மேட்டின் தலையிலேயே வேகத்தைக் குறைத்துவிடும். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே ஓய்ந்து போவான். சுகுமாரன் சன்னலில் கையை நீட்டி, “நீ முந்திப் போ தம்பி, இவ இப்ப புள்ளத்தாச்சி” என்பார்.

வெறும் லோரி என்றால் அவரும் இளவட்டம் மாதிரி பறப்பார். “காலியா இருந்தா சொன்ன இடத்துல நிப்பா. பாரம் ஏறிட்டா லேசுல கிளம்ப மாட்டா, கிளம்பிட்டா லேசுல நிக்க மாட்டா. அதோட வேகமும் சேந்தா பிரேக்கு பாவம், என்ன பண்ணும்?” என்று தன் தொப்பையைத் தட்டிக்கொள்வார். “நானும் அப்படித்தான்!”

நவமணியின் மகள் தினேஸ்வரி, “இதைத்தான் அங்கிள் ஸ்கூல்ல இனர்சியான்னு படிச்சோம்” என்றாள். “பேரே வச்சாச்சா? நல்லது” என்று தேநீரை ஆற்றினார்.

அந்தத் தினேஸ்வரிதான் ஒரு மழைநாளில் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி நடுரோட்டில் விழுந்தாள். மேட்டிலிருந்து சுகுமாரனின் லோரி, வயிறு முட்டக் கல்லோடு இறங்கி வந்தது. பிரேக் பிடித்தும் வழுக்கிக்கொண்டே வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. முன்கூட்டியே மெதுவாக வந்ததால்தான் நின்றது. இன்றும் மகள் தலைவாரிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நவமணி அந்த ஆமையைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

பிறகு லோரிகளுக்குப் புது முதலாளியாக வேறொரு தவுக்கே வந்தார். கல்லையும் கூடுதலாக ஏற்று, நடையையும் கூடுதலாக ஓட்டு என்றார். அன்று ஆபீசுக்குப் பொட்டலம் கொண்டுபோன நவமணி எல்லாவற்றையும் கேட்டாள்.

“பாரமும் ஏத்தி விரட்டவும் சொன்னா முடியாது தவுக்கே. கீழ சனங்க நடமாடுறாங்க.”

“முடியாட்டி சாவியை வச்சிட்டுப் போ. இந்த வயசுல உனக்கு வேற யாரு வேலை கொடுப்பா?”

 சுகுமாரன் சாவியை மேசைமேல் வைத்தார். வாசலைத் தாண்டினார். வெளியே சரிவில் கல்லோடு நின்றிருந்த லோரியைப் பார்த்ததும் நின்றார். மூச்சு வாங்கக் குனிந்து, ஒரு கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். அது நகராதபடி காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு நடந்தார்.