கோழிவலைப் பாறை

புது வீடு கட்டி முடித்ததும், வாசல் தோட்டத்தில் ஒரு பாறை இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. மேற்கே கல்வராயன் மலை முழுக்கப் பாறைதான். ஆனால் ஒன்றை இறக்கக் கிரேன் வேண்டும். என்னிடம் இருந்தது ஆசை மட்டும். கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபத்துக்குச் செயற்கை அருவி செய்தவரைப் பிடித்தேன். கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசி, பாசி படிந்ததுபோல் பச்சை அடித்துக் கொடுத்தார். பார்க்க யானை படுத்த மாதிரி. உள்ளே வெறும் காற்று. அச்சு அசல் நான்தான்.

கேட்டவர்களிடமெல்லாம் மலையிலிருந்து லாரியில் இறக்கியது என்றேன். "இன்னாத்துக்கு இந்தப் பொய்யி, யாரு கேட்டா?" என்பாள் மனைவி.

மகளைப் பெண் பார்க்க மணலூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வாயை மட்டும் அடக்கிக்கொள்ளும்படி முதல் நாளே என்னிடம் கெஞ்சியிருந்தாள். பையனின் அப்பா கரும்பு விவசாயி, வாட்டசாட்டமான ஆள். பஜ்ஜி தின்றுவிட்டுக் காற்றாட வெளியே வந்தவரிடம் லாரிக் கதையை ஆரம்பித்தேன். மலைப்பாதையில் டயர் வெடித்த கட்டத்தில், ரசித்துக் கேட்டுக்கொண்டே அவர் பாறைமேல் உட்காரப் போனார். தடுக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த யோசனையிலேயே நேரம் போய்விட்டது.

அப்பளமாக நொறுங்கியது. பின்பக்கம் உள்ளே, கையும் காலும் வெளியே. நானும் பையனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வலை கவ்விய வேட்டி கிழிந்த சத்தம் சமையலறைவரை கேட்டதாம்.

நல்லவேளை, அடி இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவரோ கிழிசலைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"கல்லு போனா போவுதுங்க. பொண்ணு நர்சிங் படிச்சிருக்குதுன்னீங்களே, அதுவாச்சும் நெஜந்தானுங்களா?"

கண்விழித்துப் படித்தவள் அவள். என் வாய் வழியாக வந்த ஒரே காரணத்தால் அந்தப் படிப்பும் கோழிவலையாகிவிட்டது. சன்னலில் நின்ற மகள் என்னைப் பார்க்கவில்லை; தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவிதான் முன்னே வந்தாள். "நெஜந்தாங்க. அவ வேல செய்யிற ஆஸ்பத்திரிக்கே போய்ப் பாருங்க. இவரு பேச்ச மட்டும் கணக்குல சேக்காதீங்க."

போய்ப் பார்த்திருக்கிறார்கள். சம்மதம் வந்தது, இனிப் பேச்செல்லாம் பெண்ணின் அம்மாவோடுதான் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. தாம்பூலம் மாற்றிய அன்று மனைவி சபையில் உட்கார்ந்து பேசினாள். நான் காபி கொண்டுபோனேன்.

சம்பந்தி டம்ளரை வாங்கிக்கொண்டு, சர்க்கரை போட்டிருக்கிறதா என்று கேட்டார். நான் மகளைப் பார்த்தேன்.

"போட்டிருக்குதுங்க" என்றாள்.

குடித்தார்.